மரியா ஷெரிஃபோவிச்: மூன்று நிமிடப் பாட்டும் அதற்குப் பிந்தைய கணக்கும்

ஐரோப்பிய நாடுகள் ஆண்டுதோறும் மோதும் பாட்டுப் போட்டியான யூரோவிஷன் பார்த்துப் பழகியவர்களுக்குத் தெரியும், அங்கே பாட்டு பாதி, பூச்சு பாதி. 2006இல் ஜெயித்தது பேய் முகமூடி போட்ட ஃபின்லாந்து ராக் குழு லோர்டி. ஜெயித்த நாடுதான் வழக்கமாக அடுத்த ஆண்டுப் போட்டியை நடத்தும், அதனால்தான் 2007 போட்டி ஃபின்லாந்துத் தலைநகர் ஹெல்சிங்கிக்குப் போனது. அந்த ஆண்டு உக்ரைன் சார்பில் வந்த வெர்கா செர்தூச்கா தலைமேல் பெரிய வெள்ளி நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு, உடம்பெல்லாம் பளபளவென்று ஆடினார். எல்லோரும் அவரைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மே 12ஆம் தேதி இறுதிச் சுற்றில் 17ஆவதாக மேடைக்கு வந்தவர் 22 வயது செர்பியப் பெண் மரியா. கண்ணாடி போட்டிருந்தார். அடர்நிறக் கோட்டு, கால்சட்டை. பின்னால் அதே மாதிரி உடையில் ஐந்து பெண்கள். ஆட்டம் கிடையாது, நெருப்பு கிடையாது, பாதியில் கழற்றி எறியும் பாவாடையும் கிடையாது. பியானோ மெதுவாக ஆரம்பிக்கிறது, இவர் தாழ்ந்த குரலில் கிட்டத்தட்ட பேசுவதுபோல் தொடங்குகிறார், பின்னால் நிற்பவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்து அவரைச் சூழ்ந்துகொள்கிறார்கள். மரியாவின் கையிலும் பின்பாட்டுக்காரர் ஒருவரின் கையிலும் ஆளுக்குப் பாதியாக ஓர் இதயம் வரைந்திருக்கும். கடைசியில் இரண்டு கைகளும் கோக்கும்போது அது முழுதாகிறது. அவ்வளவுதான் மொத்த அலங்காரமும்.

268 புள்ளி. உக்ரைனுக்கு 235, ரஷ்யாவின் செரெப்ரோ குழுவுக்கு 207. செர்பியா தனி நாடாகக் கலந்துகொண்ட முதல் முறையிலேயே கோப்பையை எடுத்துப் போனது.

இதை ஓர் அதிர்ஷ்டக் கதையாக நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மூன்று நிமிடத்தில் மரியா பாட்டைத் தவிர வேறெதையும் விற்கவில்லை, அதனால் ஜெயித்தார். ஆனால் மேடையில் அவரைப் பற்றி எதுவும் எழுதியிருக்காததால், ஜெயித்த மறுநாளிலிருந்து ஆளாளுக்கு அவர்மேல் தங்களுக்கு வேண்டியதை எழுதத் தொடங்கிவிட்டார்கள். அந்த இரண்டாவது பகுதிதான் இந்தக் கதையில் சுவாரசியம்.

முதலில் ஊர். மரியா பிறந்தது 1984 நவம்பர் 14, மத்திய செர்பியாவில் இருக்கும் க்ராகுயெவாட்ஸ் நகரத்தில். செர்பியாவும் அடங்கியிருந்த அந்தக் காலத்து யூகோஸ்லாவியாவில் இந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் ஜாஸ்தவா தொழிற்சாலைதான் ஞாபகம் வரும். அமெரிக்காவரைக்கும் போய்க் கேலிக்கு ஆளான யூகோ கார் அங்கேதான் தயாரானது. மரியாவுக்கு ஆறு, ஏழு வயதில் நாடு உடைந்தது. 14 வயதில், 1999 வசந்தத்தில், நேட்டோ விமானங்கள் அந்தத் தொழிற்சாலையைக் குண்டுபோட்டு நொறுக்கின. வேலை போச்சு, ஊர் வாடிப் போச்சு. அந்த ஊரில் வளர்ந்த பெண் இவர்.

அம்மா வெரிட்சா ஷெரிஃபோவிச் பாடகி, நாட்டுப்புறப் பாணிப் பாடகி. இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மரியாவின் பாதை புரியாது. செர்பியாவில் ஜனரஞ்சக இசை இரண்டு சாதி மாதிரி. ஒன்று ‘ஸாபவ்னா’, அதாவது மேற்கத்திய பாணிப் பாப். மற்றது ‘நாரோத்னா’, நாட்டுப்புற மெட்டும் அக்கார்டியனும் அழுகையும் கலந்தது. இரண்டாவதுதான் கஃபானா எனப்படும் குடிக்கடைகளிலும் கல்யாண மண்டபங்களிலும் விடிய விடிய ஓடும். 90களில் அதில் மின்னணுத் தாளத்தைச் சேர்த்து ‘டர்போ ஃபோக்’ என்று ஒன்று வந்து, போர்க்கால செர்பியாவின் பின்னணி இசையாகவே ஆகிவிட்டது. படித்தவர்கள் அதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள், அப்புறம் கல்யாணத்தில் அதே பாட்டுக்கு மேசைமேல் ஏறி ஆடுவார்கள். மரியா ‘ஸாபவ்னா’ பக்கம்தான் வந்தார், ஆனால் குரல் அம்மா பக்கத்துக் குரல். அடிவயிற்றிலிருந்து எடுத்து, தொண்டையில் கொஞ்சம் கரகரப்போடு நிறுத்தி, உச்சத்தில் போய் உடைக்கும் குரல்.

முதல் ஆல்பம் ‘நாய் நாய்பொல்யா’ 2003இல் வந்தது. கேட்கிற நம் காதுக்கு விபரீதமாகப் படும், அங்கே அதன் பொருள் ‘மிக மிகச் சிறந்தவள்’. 2006இல் இரண்டாவது ஆல்பம். உள்ளூர்ப் பாட்டு விழாக்களில் தவறாமல் பாடினார். குரல் நன்றாக இருக்கிறது, ஆள் வித்தியாசமாக இருக்கிறாள் என்ற அளவில்தான் பெயர்.

இப்போது நாட்டுப் பக்கம் வருவோம். யூகோஸ்லாவியா 1989இல் யூரோவிஷனை ஜெயித்த நாடு. ஜெயித்தது குரோஷியக் கடற்கரை நகரமான ஸாதரிலிருந்து வந்த ரிவா குழு, அடுத்த ஆண்டு போட்டியை நடத்தியது ஸாக்ரெப். 1992 மே மாதம் மால்மோவில் மிச்சமிருந்த யூகோஸ்லாவியா கடைசியாக ஒரு முறை பாடியது, அதே மாத இறுதியில் ஐநா தடை வந்தது. அதோடு சரி, 2004வரை செர்பியத் தலைநகர் பெல்கிரேடுக்கு அந்த மேடை இல்லை. 2004இல் ‘செர்பியா – மாண்டினீக்ரோ’ என்ற கூட்டு நாடாகத் திரும்பி வந்தபோது ஷெல்கோ யோக்சிமோவிச் பாடி இரண்டாமிடம் வாங்கினார். பால்கன், அதாவது தென்கிழக்கு ஐரோப்பிய மெட்டில் மெதுவான சோகப் பாட்டுக்கு ஐரோப்பாவில் ஆளிருக்கிறது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அதற்கடுத்து நடந்தது பெரிய கூத்து. 2006 மார்ச்சில் பெல்கிரேடில் தேர்வுப் போட்டி. செர்பிய நடுவர்கள், மாண்டினீக்ரோ நடுவர்கள் என்று இரண்டு தரப்பு. மாண்டினீக்ரோ நடுவர்கள் செர்பியர்களின் செல்லமான ஃப்ளமிங்கோசி குழுவுக்குப் புள்ளியே போடவில்லை, தங்கள் ஊர்க் குழுவான நோ நேம் ஜெயித்தது. அரங்கம் கொதித்தது. ஜெயித்தவர்களால் மறுபடி பாடக்கூட முடியவில்லை, தோற்றவர்கள் மேடையேறிப் பாடினார்கள். இரு தரப்புத் தொலைக்காட்சிகளும் எந்த முடிவுக்கும் வராமல், நாடே அந்த ஆண்டுப் போட்டியிலிருந்து விலகியது. ஏதென்ஸில் இறுதிச் சுற்று மே 20. மறுநாள் மே 21 மாண்டினீக்ரோவில் பிரிவினை வாக்கெடுப்பு. 55 சதவீதம் தேவை, 55.5 கிடைத்தது. பாட்டுச் சண்டையால் நாடு பிரிந்தது என்று சொன்னால் அது கதைவிடுவது. ஆனால் ஒரு பாட்டுக்குக்கூட ஒத்துப்போக முடியாத வீடு எப்படியிருக்கும் என்று எல்லோரும் நேரலையில் பார்த்தார்கள்.

ஆகவே 2007 மார்ச் 8ஆம் தேதி, பெண்கள் தினத்தன்று, பெல்கிரேடின் சாவா சென்டரில் நடந்த ‘பெயோவிஸியா’ என்ற யூரோவிஷன் தேர்வுப் போட்டி புதிதாகத் தனிக்குடித்தனம் வந்த நாட்டின் முதல் தேர்வு. (அங்கே மார்ச் 8 சும்மா ஒரு நாட்காட்டித் தேதி கிடையாது, அம்மாவுக்கும் டீச்சருக்கும் பூ வாங்கிக் கொடுக்கும் நாள்.) மரியா ‘மொலித்வா’ பாடி ஜெயித்தார். இசை விளாதிமிர் க்ராயிச், வரிகள் சாஷா மிலோஷெவிச் மாரே.

‘மொலித்வா’ என்றால் பிரார்த்தனை. பக்திப் பாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். பிரிந்துபோனவரை மறக்க முடியாமல் தூக்கம் கெட்டுக் கிடக்கும் ஒருத்தி, அந்த ஆளின் பெயர்தான் என் ஒரே ஜெபம் என்கிறாள். அந்த ஆள் ஆணா பெண்ணா என்று பாட்டு எங்குமே சொல்லாது. கட்டுமானம் பழைய கட்டுமானம்: தாழ்ந்த தொடக்கம், பல்லவியில் ஏற்றம், நடுவில் மூச்சு வாங்கக் கொஞ்சம் இடம், கடைசிப் பல்லவியில் சுருதியைத் தூக்கி விடுவது. புதுசாக ஒன்றுமில்லை. பாடும் ஆளிடம்தான் எல்லாம் இருக்கிறது. கடைசிப் பகுதியில் பின்பாட்டுக் குரல்கள் ஐந்தும் ஒரு சுவர் மாதிரி எழும்ப, அந்தச் சுவரைத் தாண்டி மரியாவின் குரல் தனியாகக் கேட்கும். ஹெட்ஃபோனில் கேட்டால் அந்த இடத்தில் அவர் மூச்சை இழுப்பதுகூடக் கேட்கும். சுத்தமாகப் பாடுபவர்கள் ஆயிரம் பேர் உண்டு. இவர் கொஞ்சம் அழுக்காகப் பாடுகிறார், அதுதான் ருசி.

ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகும்போது ஆங்கிலத்தில் பாடலாமா என்று எந்த நாடும் யோசிக்கும். ‘டெஸ்டினி’ என்று ஆங்கில வடிவமும் தயாரானது. ஆனால் மேடையில் செர்பிய மொழியிலேயே பாடினார்கள். இது சின்ன முடிவு இல்லை. 1999இல் எந்த மொழியிலும் பாடலாம் என்று விதி தளர்ந்த பிறகு ஜெயித்தவர்கள் எல்லோரிடமும் ஆங்கிலம் இருந்தது. முழுக்க வேறு மொழியில் ஒரு பாட்டு ஜெயித்தது 1998க்குப் பிறகு அதுவே முதல் தடவை. அதற்கடுத்து முழுக்க ஆங்கிலமில்லாத பாட்டு ஜெயிக்க 2017இல் போர்ச்சுகலின் சல்வதோர் சொப்ரால் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சரி, ஓட்டுக் கணக்குக்கு வருவோம், ஏனென்றால் அன்றைக்கு நடந்த பெரிய சண்டை அதுதான். அந்த ஆண்டு அரையிறுதியிலிருந்து மேலே வந்த பத்தும் கிழக்கு ஐரோப்பா, பால்கன், துருக்கிப் பக்கத்து நாடுகள். மேற்கு ஐரோப்பாவிலிருந்து ஒன்றுகூட இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருவருக்கொருவர் ஓட்டுப் போட்டுக்கொள்கிறார்கள், இது பாட்டுப் போட்டியே கிடையாது என்று மேற்கே ஒரே புலம்பல். அப்போது ஏறக்குறைய முழுக்க மக்கள் தொலைபேசி ஓட்டுதான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செர்பியாவுக்கு முழுப் புள்ளியான 12ஐக் கொடுத்தவை ஒன்பது நாடுகள். அதில் ஐந்து பழைய யூகோஸ்லாவியா: போஸ்னியா, குரோஷியா, மாண்டினீக்ரோ, மாசிடோனியா, ஸ்லோவேனியா. ஆக 60 புள்ளி. அதாவது அக்கம்பக்கத்துப் பாசம் என்று சொல்லி இதை அப்படியே கழித்தாலும் 208 மிச்சமிருக்கிறது. ஆஸ்திரியாவும் சுவிட்சர்லாந்தும் கொடுத்த 12க்குப் புலம்பெயர்ந்த பால்கன் தொழிலாளர்களைக் காரணம் சொல்லலாம், வியன்னாவில் அவர்கள் ஏராளம். ஹங்கேரி எல்லை நாடு, விட்டுவிடுவோம். ஃபின்லாந்து? அங்கே எந்த செர்பிய மாமா உட்கார்ந்து போன் போட்டார்? போட்டியை நடத்திய ஊர்க்காரர்களுக்கே பாட்டு பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

அதோடு, அந்த 60ஐயும் நான் பாசம் என்று சுலபமாக ஒதுக்க மாட்டேன். போஸ்னியாவின் சரயேவோவை ஏறக்குறைய நான்கு ஆண்டு முற்றுகையிட்டவர்கள் யார், குரோஷியாவின் வூக்கோவார் நகரத்தைத் தரைமட்டமாக்கியவர்கள் யார் என்பதை மறந்துவிட்டு யாராவது அந்த ஊர்களில் பெல்கிரேடுக்கு அன்பாக ஓட்டுப் போடுவார்களா? ஓட்டுப் போட்டது பாட்டுக்கு. மொழி கிட்டத்தட்ட ஒன்று. பாடகர்கள், கேசட்டுகள், அப்புறம் சிடிக்கள், எல்லாம் அமைச்சர்கள் கைகுலுக்குவதற்கு ரொம்ப முன்னாடியே எல்லை தாண்டிப் போய்வரத் தொடங்கிவிட்டன. நாடு ஏழாகப் பிரிந்தாலும் பாட்டுச் சந்தை பிரியவில்லை. முந்தைய ஆண்டு ஒரு புள்ளிகூடத் தர மறுத்துச் சண்டை போட்ட மாண்டினீக்ரோ, தனிக்குடித்தனம் போன மறு வருடமே 12 புள்ளியைத் தூக்கிக் கொடுத்தது. சேர்ந்திருந்தபோது வராத பாசம் பிரிந்ததும் வருகிறது, நம் குடும்பங்களிலும் பார்த்ததுதானே.

ஜெயித்த கையோடு, ஓர் அல்பேனியப் பாட்டின் சாயல் இருக்கிறது என்று ஒரு திருட்டுப் புகாரும் வந்தது. இரண்டையும் கேட்டால் பால்கன் சோகப் பாட்டுகள் எல்லாமே ஒன்றுக்கொன்று ஒன்றுவிட்ட சகோதரிகள் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெற்றி அப்படியே நின்றது.

மரியா ஊர் திரும்பிய நேரத்தைக் கவனியுங்கள். ஜனவரியில் தேர்தல் முடிந்தும் மே வரை செர்பியாவில் அரசு அமையவில்லை. மே 8ஆம் தேதி, தீவிர தேசியவாத ராடிகல் கட்சியின் தோமிஸ்லாவ் நிகோலிச் நாடாளுமன்ற சபாநாயகரானார், ஐரோப்பா பதறியது. மே 12 மரியா ஜெயிக்கிறார். மே 13 நிகோலிச் பதவி விலகுகிறார். மே 15, கெடு முடியும் கடைசி நேரத்தில், கொஷ்துனித்சா தலைமையில் அரசு அமைகிறது. ஒரே வாரம். இதற்கும் பாட்டுக்கும் சம்பந்தமில்லைதான், ஆனால் அந்த வாரத்தில் பெல்கிரேடில் இருந்தவர்களுக்கு எல்லாம் ஒரே காற்றில் கலந்திருக்கும். விமான நிலையத்திலும் நகரசபைக் கட்டடத்துக்கு முன்னாலும் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். கூடைப்பந்துக் கோப்பையோடு வரும் அணிக்கு வழக்கமாகக் கிடைக்கும் வரவேற்பு இது. கண்ணாடி போட்ட ஒரு பாப் பாடகிக்குக் கிடைத்தது.

அப்போதுதான் ஆளாளுக்கு எழுத ஆரம்பித்தார்கள். புதிய ஐரோப்பிய செர்பியாவின் முகம் என்றது ஒரு தரப்பு. போரும் போர்க்குற்றமும் தவிர வேறு காரணத்துக்காக எங்கள் நாட்டின் பெயர் உலகச் செய்தியில் வந்துவிட்டது என்று மகிழ்ந்தார்கள், அதில் நியாயம் உண்டு. மேற்கத்தியப் பத்திரிகைகள் கோட்டு, கால்சட்டை, கோத்த கைகள், பால் சொல்லாத காதல் வரிகள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, இது பெண்ணுக்குப் பெண்மீதான காதல் பாட்டு என்று படித்தன. தன் அந்தரங்கம் பற்றி அவர் அப்போது வெளிப்படையாக எதுவும் அறிவிக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2008ஐப் பண்பாட்டு உரையாடல் ஆண்டாக அறிவித்து, அதன் தூதர்களில் ஒருவராக அவரைச் சேர்த்தது.

அங்கேதான் வந்தது வினை. 2008 ஜனவரியில் குடியரசுத் தலைவர் தேர்தல். நிகோலிச் ஒரு பக்கம், ஐரோப்பாவை நோக்கி நடக்கச் சொன்ன போரிஸ் தாதிச் மறுபக்கம். மரியா போய்ப் பாடியது ராடிகல் கட்சிக் கூட்டத்தில். அந்தக் கட்சியின் தலைவர் வொயிஸ்லாவ் ஷெஷெல் அப்போது ஹேக் நீதிமன்றத்தில் போர்க்குற்ற வழக்கில் உட்கார்ந்திருந்தார். பண்பாட்டு உரையாடலுக்குத் தூதர் என்று போட்ட ஆள், அந்த மேடையில். பதவியிலிருந்து அவரை நீக்கினார்கள். நிகோலிச் முதல் சுற்றில் முந்தினாலும் பிப்ரவரி 3இல் நடந்த இரண்டாவது சுற்றில் தாதிச்தான் ஜெயித்தார்.

இதற்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. எந்த மேடையில் நிற்கிறோம் என்று 23 வயதில் தெரியாமல் இருக்க முடியாது, அதுவும் அந்த நாட்டில். ஆனால் அதிர்ச்சியடைந்தவர்கள் எதைப் பார்த்து அதிர்ச்சியடைந்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும். தான் ஐரோப்பியவாதி என்று மரியா சொல்லவில்லை, இவர்களே அந்த வாசகத்தைத் தைத்து அவர்மேல் மாட்டினார்கள். தையல் பிரிந்ததும் கோபம் வந்தது. ஹெல்சிங்கியில் ஓட்டுப் போட்டவர்கள் அவருடைய அரசியலுக்குப் போடவில்லை, அவர் வருத்தப்பட்டுப் பாடிய விதத்துக்குப் போட்டார்கள்.

பதினைந்து நாளில் நிலைமை இன்னும் மோசமானது. பிப்ரவரி 17 கொசோவோ செர்பியாவிடமிருந்து சுதந்திரம் அறிவித்தது. 21ஆம் தேதி பெல்கிரேடில் பெருங்கூட்டம், கலவரம், அமெரிக்கத் தூதரகத்தில் தீ. இதே ஊரில் மூன்று மாதத்தில் யூரோவிஷன் நடக்க வேண்டும்! பல நாட்டுக் குழுக்கள் போவதா வேண்டாமா என்று யோசித்தன. கடைசியில் 43 நாடுகள் வந்தன, அதுவரை இல்லாத எண்ணிக்கை. புலம்பலின் பலனாக அரையிறுதி முதன்முறையாக இரண்டாகப் பிரிக்கப்பட்டது, அண்டை நாடுகளைப் பிரித்துப் போடும் ஏற்பாட்டோடு. மரியாவின் வெற்றி போட்டியின் விதியையே மாற்ற உதவியது என்று சொல்வது அதிகமில்லை. அடுத்த ஆண்டு இறுதிச் சுற்றில் நடுவர்களும் திரும்பி வந்தார்கள், பாதிக்குப் பாதி.

2008 மே 24, பெல்கிரேட் அரங்கம். தொகுப்பாளர்களில் ஒருவர் யோக்சிமோவிச். இறுதிச் சுற்றைத் தொடங்கி வைத்தவர் மரியா, அதே ‘மொலித்வா’வோடு. ரஷ்யாவின் தீமா பிலான் ஜெயித்தார், ஆங்கிலத்தில் பாடி.

அதற்குப் பிறகு மரியா ஐரோப்பிய நட்சத்திரம் ஆகவில்லை. இதைத் தோல்வி என்று எழுதுகிறவர்கள் உண்டு. யூரோவிஷன் ஜெயித்தவர்களில் உலகச் சந்தையில் நிலைத்தவர்களை விரல்விட்டு எண்ணலாம் என்பது ஒருபுறம் இருக்கட்டும், அவர் அதற்கு ஆசைப்பட்டதாகவே தெரியவில்லை. ஆங்கில ஆல்பம் போட்டு லண்டனுக்குக் குடிபெயரும் வேலையைச் செய்யவில்லை. பழைய யூகோஸ்லாவியச் சந்தையிலேயே பாடினார். அங்கே ஆள் அரங்கத்துக்கு வருவான், வரியை வாய்விட்டுக் கூடப் பாடுவான். அது போதுமென்று இருந்திருக்கலாம்.

2012இல் பாக்கு நகரத்தில் யூரோவிஷன் இரண்டாம் அரையிறுதியின் இடைவேளையில் முந்தைய ஐந்து ஆண்டு வெற்றியாளர்களை வரிசையாக மேடையேற்றினார்கள். பிலான், நார்வேயின் அலெக்ஸாண்டர் ரிபாக், ஜெர்மனியின் லேனா, அஸர்பைஜான் ஜோடி, இவர்களோடு மரியா. வெற்றிப் பாட்டை செர்பிய மொழியில் பாடியாக வேண்டிய ஒரே ஆள் இவர்தான். பாடினார்.

2013 நவம்பரில் ‘இஸ்போவெஸ்ட்’, அதாவது ‘வாக்குமூலம்’, என்ற ஆவணப்படத்தில் தான் பெண்களைக் காதலிப்பவள் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். ஆறு ஆண்டாகப் பத்திரிகைகள் அவருக்காகச் சொல்லிக்கொண்டிருந்ததை அவர் தன் நேரத்தில், தன் மொழியில், தன் ஊர்க்காரர்களிடம் சொன்னார். அந்த நேரத்தின் கனம் தெரிய வேண்டுமானால் பெல்கிரேடின் தன்பாலினர் ஊர்வலத்தின் வரலாற்றைப் பாருங்கள்: 2001இல் அடித்துத் துரத்தப்பட்டது, 2010இல் நடந்தபோது நகரமே கலவரமானது, 2011, 2012, 2013 மூன்று ஆண்டும் தொடர்ந்து தடை. மூன்றாவது தடை வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, நாட்டின் மிகப் பிரபலமான குரல்களில் ஒன்று வாயைத் திறக்கிறது. ராடிகல் கூட்டத்தில் பாடியவரும் இவர்தான், இதைச் சொன்னவரும் இவர்தான். இரண்டில் ஒன்றை மறைத்துவிட்டு இவரைப் பற்றி எழுதுவது சுலபம், அப்படித்தான் இரு பக்கமும் எழுதுகிறார்கள்.

2014இல் ஊர்வலம் ராணுவம் மாதிரிக் காவலோடு நடந்தது. 2017இல் தன்பாலின ஈர்ப்பை மறைக்காத அனா பர்னபிச் பிரதமரானார். மரியா எந்த இயக்கத்துக்கும் முகமாகப் போய் நிற்கவில்லை. பாடிக்கொண்டிருந்தார், பிறகு ‘ஸ்வெஸ்தே கிராண்டா’ என்ற தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்த நிகழ்ச்சி முழுக்க ‘நாரோத்னா’. சின்ன ஊர்களிலிருந்து வரும் பையன்களும் பெண்களும், அக்கார்டியன், அழுகை, கல்யாண மண்டபத்துப் பாட்டு. பாப் பாடகிக்கு இங்கே என்ன வேலை என்று ஆரம்பத்தில் கேட்டிருப்பார்கள். ஏதாவதொரு பிள்ளை நன்றாகப் பாடிவிட்டால் கேமரா நடுவர்கள் பக்கம் திரும்பும், அப்போது மரியா முகத்தைப் பார்த்தால் தெரியும். அவர் அம்மா பாடிய பாட்டுகள் அவை.